ஐந்து சென்ட்

முதல் அச்சை வெட்டியபோது
ஹ்ரின்கோவுக்கு இருபத்து மூன்று வயது.
பென்சில்வேனியாவில், மலையடியில், ஒரு நிலக்கரி ஊர்.
ஆற்றுக்கு இப்பால் சுரங்கம், அப்பால் மிட்டாய் ஆலை.
இரண்டு புகையும் நடு ஆற்றின்மேல் கைகுலுக்கும்.
பித்தளையில் எட்டுக் குழி,
குழிக்கொரு சுரங்க விளக்கு,
விளக்குக்குள் குருணையளவு சுடர்.
முதலாளி பெவன் 'லேன்டர்ன்' என்று பெயர் வைத்தார்.
எடை இரண்டு அவுன்ஸ். விலை ஐந்து சென்ட்.
வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு.

மூன்றாம் வருடம் சுரங்கத்தின் கூரை இறங்கியது.
நான்கு பேர், முப்பத்தொரு மணி நேரம்,
ஒருவன் சட்டைப்பையில் ஒரு லேன்டர்ன்.
ஆளுக்கு இரண்டு சதுரம்.
மீண்டு வந்தவர்களின் படத்தை
டிராம் வண்டிகளின் நெற்றியில் ஒட்டினார் பெவன்.
அந்த மாதம் ஆலையில் இரவு ஷிப்டும் ஓடியது.
நால்வருக்கும் ஆளுக்கொரு பெட்டி இலவசம்.

பிறகு கோகோ விலை ஏறியது.
நாமும் ஏற்றலாமா என்று கூட்டம் போட்டார்கள்.
ஐந்து சென்ட் என்று சுவரில் எழுதியிருக்கிறது,
வண்டியில் எழுதியிருக்கிறது,
பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளைகளின்
உள்ளங்கை வியர்வையில் எழுதியிருக்கிறது.
ஆகவே ஹ்ரின்கோவைக் கூப்பிட்டார்கள்.

அரை நூல் ஆழம் குறைக்க முடியுமா?
முடியும்.

யாரும் கேட்கவில்லை.
சதுரங்களுக்கு நடுவே வாய்க்காலை அகலமாக்கினார்.
உடைக்கச் சுலபம் என்று விளம்பரம் வந்தது.
போர் வந்து சர்க்கரையைக் கொண்டுபோனது;
திரும்பி வந்த சர்க்கரைக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை.
ஓரங்களைச் சரித்தார். மூலைகளை மழித்தார்.
உறை மட்டும் அதே நீளம்,
உள்ளே விறைப்பாக ஓர் அட்டை,
நோயில் மெலிந்தவன் பழைய கோட்டைப் போட்டதுபோல.
கழுதை தேய்ந்து கட்டெறும்பானால்
ஊர் பார்த்துச் சிரிக்கும்.
இது கழுதையாகவே தேய்ந்தது,
காதும் வாலும் குறையாமல்.

நாற்பத்தெட்டில், மதியச் சங்கு ஊதிய நேரம்,
ஆலை வாசல் கடையில் எம்ரிஸ் பியூ நின்றிருந்தார்.
அந்த நால்வரில் ஒருவர்.
ஒன்று வாங்கினார். உறையைப் பிரித்தார்.
வாயில் போடாமல்
உள்ளங்கையில் இரண்டு முறை தூக்கிப் பிடித்தார்,
ரேடியோ வைத்திருக்கும் அறையில்
ஆள் பேசுகிறானா பாட்டா என்று கேட்பவர்போல
தலையைச் சாய்த்துக்கொண்டு.
"அன்னைக்கு இது இருந்திருந்தா
சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருப்போம்" என்றார்
கடைப்பெண்ணிடம், கோபமில்லாமல்.
பின்னால் காபிக்கு நின்ற ஹ்ரின்கோ
சில்லறையை எண்ணத் தொடங்கினார்.
எண்ணி முடித்த பிறகும் எண்ணினார்.

அடுத்த வாரம் மேசைக்கு வந்த உத்தரவு:
முதுகுப் பக்கம் ஒரு பள்ளம்.
வாங்குபவர் முதுகைப் பார்ப்பதில்லை.

வெட்டினார்.
வெட்டிய கையோடு, விளக்கு வெளிச்சத்தில்,
எட்டுச் சுடர்களையும் ஒரு மயிரிழை ஆழமாக்கினார்.
அதற்கு யாரும் உத்தரவிடவில்லை.
சதுரத்துக்கு எவ்வளவு கூடியிருக்கும்?
ஆலைத் தராசுக்குத் தெரியாது.
நாக்குக்குத் தெரிந்திருக்கலாம்.

ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டி
வெண்கலத்தில் ஒரு லேன்டர்ன் கொடுத்தார்கள்.
சின்ன பெவன் கைதட்டினார்.
அத்தனை வருடத்தில் வந்ததிலேயே கனமான லேன்டர்ன் அதுதான்.

பராஸ்கா வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.
"முதுகுல எதுக்கு இந்தக் குழி?"
அவர் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள்
சமையலறைக் குழாயடியில் வைத்துவிட்டாள்.
சோப்பு கச்சிதமாக உட்கார்ந்தது.
அதே கம்பெனி, அதே உறை, அதே விலை;
பத்து வருடம் முன்னால் என்றால்
அதில் அடங்கியிருக்காது.